காத்தடியும் ஓர் அடிதான்: கடலோரக் கிராமத்துச் சிறார் கோல்ஃப் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பதிவு செய்கிறோம்

இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே மன்னார் வளைகுடாவை ஒட்டி ஒரு கிராமம். அங்கே மாலைப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் பொங்கல் கழிந்ததிலிருந்து ஆடி மாதம் வரை கோல்ஃப் சொல்லிக்கொடுத்தோம். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவருக்கு வெற்றி என்பதுதான் இந்த ஆட்டம். மார்ச் மாதத்தில் ஒரு நாள் ஒரு பையனின் ஸ்கோர் அட்டையில் ஏழு என்று வரவேண்டிய இடத்தில் ஐந்து ஏறியது. சின்ன விஷயம்தான். ஆனால் மூன்று பிள்ளைகள் அதில் மாட்டினார்கள், ஒருவன் வருவதையே நிறுத்தினான், பயிற்சி நடத்தும் முறையையே நாங்கள் மாற்ற வேண்டி வந்தது.

படிப்பகத்தை நடத்துபவள் என்ற முறையில், பயிற்சியாளரும் நானும் எழுதி வந்த குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் இல்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

ஊரில் பாதிக் குடும்பங்களுக்குக் கடல்தான் வருமானம். ஆண்கள் மண்டபத்திலிருந்து கிளம்பும் விசைப்படகுகளுக்குப் போவார்கள், அல்லது ஊர்க் கரையிலிருந்தே நாட்டுப்படகில் போவார்கள். பெண்களில் பலர் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். மற்ற பாதி வீடுகளில் அரபு நாட்டுச் சம்பளத்தில் அடுப்பு எரிகிறது. பயிற்சியாளரும் அப்படிப் போய்த் திரும்பியவர். துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பல வருடம் புல் பராமரிப்பு வேலை. அங்கேயே ஆடப் பழகியவர், விதிப் புத்தகமும் அவருக்கு அத்துபடி. ஊருக்கு வரும்போது மைதானத்தில் கழித்துப்போட்ட மட்டைகளைக் கேட்டு வாங்கிக் கட்டி எடுத்து வந்திருந்தார். அவை பரணில் கிடந்தன. பிள்ளைகள் அவரை மாமா என்பார்கள், எனக்கு அவர் அண்ணன்.

கபடியும் வாலிபாலும் இருக்கிற ஊரில் பணக்காரர் ஆட்டம் எதற்கு என்று பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அண்ணன் சொன்ன பதில், இந்த ஆட்டமே கடற்கரையில் பிறந்ததுதான் என்பது. ஸ்காட்லாந்தில் பயிருக்கு உதவாத கடலோர மணல்மேடுகளில் ஆடித்தான் இது வளர்ந்தது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விதிகள், 1744-இல் லீத் என்ற துறைமுக ஊரில் எழுதப்பட்ட 13 விதிகள். “நம்ம ஊரு மாதிரி மணல்லதான் டீச்சர் ஆரம்பிச்சாங்க. புல்லெல்லாம் பின்னாடி வந்த ஆடம்பரம்” என்பார்.

என் காரணம் வேறு. கபடியில் தொட்டானா இல்லையா என்று நடுவர் சொல்வார். கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் பக்கத்திலேயே இருப்பதில்லை. தன் அடியைத் தானே எண்ண வேண்டும், விதியை மீறினால் தண்டனையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். உடம்போடு உடம்பு மோதாத ஆட்டம் என்பதால் ஒன்பது வயதுப் பையனும் பதிமூன்று வயதுப் பெண்ணும் ஒன்றாக ஆடலாம். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய வீடுகளில் இந்திய கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கைப் பற்றிச் சொன்னேன். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடியில் வெண்கலத்தை விட்டு நான்காம் இடம் வந்தவர். அங்கே அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தவர் அவருடைய அம்மா. பதக்கக் கதையை விட இந்த அம்மா கதைதான் இரண்டு வீடுகளில் கதவைத் திறந்தது.

களமும் கருவியும்

ஊருக்கு மேற்கே, உப்புப் பூத்த தரிசு நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும், தை பிறந்தால் காய்ந்து கெட்டியாகிவிடும். ஓரமெல்லாம் சீமைக்கருவேல். அதில் ஆறு குழி போட்டோம், மிக நீளமானதே 60 மீட்டர்தான். விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். கடையில் விற்கும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயை வெட்டிப் புதைத்தால் ஏறக்குறைய அதே அளவு. குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் சலித்த மணல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பழைய வலைத்துண்டை இழுத்து அதைச் சமப்படுத்துவோம். தண்ணீர் இல்லாத ஊர்களில் இப்படி மணல் தளத்தில் ஆடுவது இந்தியாவில் புதிதல்ல, அதைப் ‘பிரவுன்’ என்பார்கள்.

பெரியவர்களின் மட்டைகளை லேத் பட்டறையில் அறுத்து, சைக்கிள் கைப்பிடி ரப்பர் மாட்டினோம். நிஜப் பந்து சுமார் 46 கிராம் எடையில் கல் மாதிரி இருக்கும், ஆள்மேல் பட்டால் அடிதான். அதனால் முதலில் டென்னிஸ் பந்து, பிறகு துளை போட்ட பிளாஸ்டிக் பந்து. குழிக்குப் பக்கத்தில் மெதுவாக உருட்டுவதற்கு மட்டும் நிஜப் பந்து. மட்டை வீசுகிறவரைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம் போட்டு, அதற்குள் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. இந்த வட்டத்தில் மட்டும் கடைசி வரை யாருக்கும் சலுகை கொடுக்கவில்லை.

முதல் இரண்டு மாதங்களில் கண்டது

18 பிள்ளைகள் சேர்ந்தார்கள். 1997-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் டீ’ என்ற சிறார் கோல்ஃப் அமைப்பு நேர்மை, மரியாதை, தன்னம்பிக்கை என்று ஒன்பது பண்புகளை ஆட்டத்தோடு சேர்த்துக் கற்பித்து வந்தது. அதை நானும் தமிழில் எழுதி படிப்பகச் சுவரில் ஒட்டினேன். ஒரே வாரத்தில் எல்லோரும் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். திருக்குறள் ஒப்பிக்கிற அதே ராகத்தில். வேறு எதுவும் நடக்கவில்லை.

அடுத்து ஒரு பரிசு வைத்தோம். அடுத்தவர் பந்தைத் தேடிக் கொடுப்பவருக்கு வாரக் கடைசியில் ஒரு கடலைமிட்டாய் பாக்கெட். முதல் வாரம் புதருக்குள் பிள்ளைகள் பாய்ந்து பாய்ந்து தேடினார்கள். இரண்டாவது வாரம் பந்துகள் அதிகமாகக் காணாமல் போகத் தொடங்கின. ஒரு குட்டிப் பையன் அடுத்தவன் பந்தைக் காலால் மணலுக்குள் அமுக்கிவிட்டு, சுற்றிச் சுற்றித் தேடுவது போல நடித்து, “கிடைச்சிருச்சு மாமா!” என்று தூக்கிக்கொண்டு ஓடி வந்ததை அண்ணன் பார்த்துவிட்டார். அன்றைக்கே பரிசை நிறுத்தினோம். அன்புக்குக் கூலி கொடுத்தால் பிள்ளைகள் அன்பை உற்பத்தி செய்து காட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் காலத்தில் மூன்று பேரைப் பற்றி எங்கள் குறிப்பேட்டில் அடிக்கடி எழுதியிருக்கிறோம்.

முதலாவது, ஏழாம் வகுப்புப் பையன். தோளும் கையும் நன்றாக வேலை செய்யும், முதல் வாரத்திலேயே பந்தை நேராக அனுப்பினான். வாயும் அதே வேகம். யார் தவறவிட்டாலும் ஒரு பட்டப்பெயர் வைப்பான். அப்பா விசைப்படகில் வேலை. “தைரியமான பையன்” என்று ஊரில் பேர்.

இரண்டாவது, எட்டாம் வகுப்புப் பெண். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். வீட்டுச் சமையல் பாதி இவள் தலையில். அடிப்பது சுமார், ஆனால் குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டுவதில் இவளைத் தாண்ட ஆளில்லை. பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. தன் முறையை யார் கேட்டாலும் விட்டுக்கொடுப்பாள். “அவ யாரையும் எதுத்துப் பேச மாட்டா டீச்சர், தங்கமான புள்ள” என்று அவள் அம்மா பெருமையாகச் சொல்வார்.

மூன்றாவது, நான்காம் வகுப்புச் சிறுவன். தடித்த கண்ணாடி. பாதி வீச்சு காற்றில் போகும். எண்ணுவதில் மட்டும் கில்லாடி, யார் எத்தனை அடித்தார்கள் என்று கேட்காமலேயே சொல்வான்.

மட்டையை வீசிப் பந்தில் படாமல் போவதற்குப் பிள்ளைகள் ‘காத்தடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பந்தை அடிக்கும் எண்ணத்தோடு வீசினால், பட்டாலும் படாவிட்டாலும் அது ஓர் அடி. விதி அப்படி. முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. ஆனால் எண்ணிக்கை கூடக் கூட காத்தடிகள் கணக்கிலிருந்து நழுவுவதைக் கவனித்து வந்தோம்.

மார்ச் மாத நிகழ்வு

அன்றைக்கு ஆறு குழிகளும் ஆடி, ஸ்கோர் எழுதும் நாள். கோல்ஃபில் ஒருவர் ஸ்கோரை இன்னொருவர் எழுத வேண்டும். அவரை நாங்கள் கணக்கப்பிள்ளை என்போம். ஏழாம் வகுப்புப் பையனுக்கு எட்டாம் வகுப்புப் பெண் கணக்கப்பிள்ளை. மூன்றாவது குழியில் அவன் பந்து கருவேல மரத்தடியில் போய் நின்றது. முள்ளுக்குக் குனிந்து அவன் வீசிய இரண்டு வீச்சும் காற்றில் போயின. மூன்றாவதில் பந்து வெளியே வந்தது. குழியில் போட்ட பிறகு “அஞ்சு” என்றான். அவள் ஐந்து என்று எழுதினாள்.

கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து அட்டைகளை வாசித்தபோது அவன்தான் முதலிடம். சின்னவன் எழுந்து, “மூணாவது குழி ஏழு. நான் எண்ணுனேன்” என்றான். பெரியவன் சிரித்தான். “சோடாபுட்டிக்கு ரெண்டு ரெண்டா தெரியுது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்து, “நீதானே எழுதுன? அஞ்சுதானே?” என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள்.

அண்ணன் இரண்டாவது குழியருகே நின்று அந்த இரண்டு காத்தடிகளையும் பார்த்திருந்தார். மறுநாள் சின்னவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலை அங்கேயே விசாரணை வைக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டால் அவன் பொய்யை இன்னும் இறுக்கிப் பிடிப்பான், அவளும் அதே பொய்யை இரண்டாம் முறை சொல்ல நேரும். அந்த நிமிடத்தில் அண்ணன் செய்தது ஒன்றே ஒன்று. “இன்னிக்கு அட்டை எதுவும் செல்லாது, யாருக்கும் முதலிடம் இல்லை” என்றார். காரணம் சொல்லவில்லை.

பிள்ளைகள் போன பிறகு எங்களுக்குள் வாக்குவாதம். உண்மையை விடக் குறைந்த ஸ்கோரோடு அட்டையைக் கொடுத்தால், போட்டியில் அவன் தகுதியிழப்பான். அதனால் பையனை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும் என்றார் அண்ணன். விதி அவர் பக்கம். ஆனால் நிறுத்தினால் மூவரில் இருவர் வெளியே போய்விடுவார்கள், தலையாட்டியவள் மட்டும் உள்ளே இருப்பாள். மூவருக்குமே அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்பது என் வாதம். கடைசியில் யாரையும் நிறுத்தாமல், முறையைத்தான் மாற்றுவது என்று ஒத்துக்கொண்டோம். சின்னவனைத் திரும்ப அழைத்து வருவதுதான் முதல் வேலை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உண்மை சொன்னவன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்க முடியாது.

பெரியவனை அனுப்பி மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று விட்டோம். கட்டாய மன்னிப்பு கேட்கிறவனுக்கும் பயனில்லை, கேட்டுக்கொள்கிறவனுக்கும் சங்கடம். அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்து, மூன்றாவது குழியைப் பற்றி எதுவும் கேட்காமல், “தம்பி வரல. நான் அவன் வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன். நீ வர்றியா?” என்று மட்டும் கேட்டேன். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. சில நாள் கழித்து அவளாக வந்து, “போவோம் டீச்சர்” என்றாள்.

போகிற வழியில் பேசினாள். “ஏழுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லியிருந்தா அடுத்த பட்டப்பேரு எனக்குத்தான்.” இதைக் கேட்ட பிறகுதான், இத்தனை நாள் நாங்கள் எல்லோரும் அவளுடைய நல்ல குணம் என்று பாராட்டிக்கொண்டிருந்ததில் பாதி பயம் என்பது விளங்கியது. விட்டுக்கொடுப்பது அன்பாக இருக்க வேண்டுமானால், விட்டுக்கொடுக்காமல் நிற்கவும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் சின்னவனிடம் அவள் நீளமாக எதுவும் பேசவில்லை. “நீ எண்ணுனதுதான் சரி. நான் தப்பா எழுதிட்டேன்” என்றாள். அவன் உடனே, “நாலாவது குழியிலயும் ஒண்ணு விட்டுட்டீங்கக்கா” என்றான். மறுநாள் வந்துவிட்டான்.

அவன் வந்த பிறகு அண்ணன் ஒரு வகுப்பு எடுத்தார். அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் கதையைச் சொன்னார். 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியில் அடிக்கத் தயாராகும்போது பந்து லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. நடுவர்கள் முடிவை அவரிடமே விட்டார்கள். தன்மேல் ஓர் அடி போட்டுக்கொண்டார். கடைசியில் வில்லி மெக்ஃபார்லேனோடு சமநிலைக்கு வந்து, வெற்றியாளரை முடிவு செய்ய வைத்த கூடுதல் ஆட்டத்தில் (பிளேஆஃப்) தோற்றார். கதை முடிந்ததும் ஒரு பையன், “அப்ப சொல்லாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாரு. லூசு” என்றான். பெரும்பாலான பிள்ளைகள் அதை ஆமோதித்தார்கள். பிறகு அண்ணன் காத்தடி எப்படி எண்ணப்படும் என்று காட்ட, பந்தை விட்டுவிட்டு வீசி, “ஒண்ணு” என்றார். கண்ணாடிக்காரன் கையைத் தூக்கி, “மாமா, நீங்க வேணும்னே விட்டீங்க. அது கணக்குல வராது” என்றான். விதிப்படி அவன் சொன்னதுதான் சரி, பந்தை அடிக்க நினைத்து வீசினால்தான் அது அடி. அந்த வகுப்பில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மாமாவையே ஒரு சின்னப் பையன் திருத்தினான், மாமா “ஆமாப்பா, நீ சொல்றது சரி” என்று ஒத்துக்கொண்டார்.

முறையில் மூன்று மாற்றம் செய்தோம்.

ஒன்று, எண்ணிக்கையைக் குழி முடிந்த பிறகு சொல்லாமல் ஒவ்வொரு வீச்சுக்கும் உடனே சத்தமாகச் சொல்வது. சொல்ல வேண்டியது அடித்தவர் இல்லை, கணக்கப்பிள்ளை. கையில் பத்துச் சோழி. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒன்றை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றி, “மூணு” என்று அடித்தவருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். தகராறு வந்தால் ஓர் அடியைப் பற்றித்தான் வரும், சூடும் குறைவாக இருக்கும். குழி முடிந்து இரண்டு மூன்று அடி வித்தியாசத்தில் நின்றால் இரண்டு பேருக்குமே இறங்கி வர வழியிருக்காது. மெல்லப் பேசுகிறவர்களுக்கு இது குரல் பயிற்சியும்கூட, அதை நாங்கள் வெளியே சொல்லவில்லை.

இரண்டு, குழிக்கு உச்சவரம்பு எட்டு. அதற்கு மேல் போனால் பந்தை எடுத்துவிட்டு எட்டு என்று எழுதிக்கொள்ளலாம். 2019-இல் விதிகளைத் திருத்தியபோது இப்படி உச்சவரம்பு வைத்து ஆடும் முறையையும் சேர்த்தார்கள், நாங்களாகக் கொடுத்த சலுகை இல்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும் அவமானம் இல்லையென்றால் பொய் சொல்லும் தேவை குறையும் என்று கணக்குப் போட்டோம்.

மூன்று, இருவருக்கு ஒரே பந்து. கூட்டாளிகள் மாறி மாறி அடிப்பார்கள். இதில் ஒருவர் காத்தடி அடித்தாலும் ஓர் அடி ஏறும், அடுத்த முறை கூட்டாளிக்குப் போகும். பெரியவனையும் கண்ணாடிக்காரனையும் ஒரு ஜோடியாகப் போட்டோம். அண்ணனுக்கு இதில் சம்மதம் குறைவு. “சின்னவன நசுக்கிருவான் டீச்சர்” என்றார். அதனால் முதல் வாரம் அந்த ஜோடியோடு அவரே நடப்பது என்று பேச்சு.

அதன் பிறகு

முதல் நாள் அண்ணன் பயந்தது போலத்தான் ஆனது. பெரியவன் நல்ல இடத்தில் பந்தை வைப்பான், சின்னவன் காற்றில் வீசுவான். இவன் பல்லைக் கடிப்பான். ஒருமுறை மட்டையைத் தரையில் எறிந்தான். எங்கள் கட்டுப்பாட்டின்படி அந்தக் குழி முடியும் வரை உட்கார வைத்தோம், கத்தவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. அவன் அடியின் நோக்கம் மாறியிருந்தது. தூரமாக அனுப்புவதை விட்டு, சின்னவனுக்கு அடிக்க வசதியான சமதரையில் பந்தை நிறுத்தப் பார்த்தான். இதை அன்பு என்று நான் எழுதவில்லை, குறிப்பேட்டில் “ஆட்ட அறிவு” என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் அடுத்தவனால் என்ன முடியும், எது முடியாது என்று யோசித்து அடிக்க வேண்டியிருந்தது. அப்படி யோசிக்கப் பழகிய பிறகு பட்டப்பெயர்கள் குறைந்தன.

பந்து பொறுக்கும்போது ஒருநாள் அவனாகவே அண்ணனிடம் சொன்னான். “அப்பா கரைக்கு வந்தா முதக் கேள்வியே யாரு ஃபர்ஸ்ட்டுன்னுதான் மாமா.” மூன்றாவது குழியைப் பற்றி அவன் வாயால் எதுவும் வரவில்லை. நாங்களும் கிளறவில்லை.

சித்திரை பிறந்ததும் நாங்கள் எதிர்பாராத ஒன்று வந்து சேர்ந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்பாக்கள் கரையில் இருந்தார்கள். வலை பின்னும் வேலை முடிந்ததும் பொழுதுபோக்காக மைதானத்து ஓரம் வந்து நிற்கத் தொடங்கினார்கள். “ஓங்கி அடிடா!” “சின்னப் புள்ள அடிக்குது, நீ என்னடா?” இரண்டே நாளில் பிள்ளைகள் கணக்கப்பிள்ளையை விட்டுவிட்டு அப்பா முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். காத்தடிகள் மறுபடியும் நழுவின.

அப்பாக்களை வர வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர்கள் ஊர் நிலம். கூட்டம் போட்டு அறிவுரை சொல்லலாம், கேட்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அண்ணன் வேறு வழி சொன்னார். வேலை கொடுப்போம். ஒவ்வொரு அப்பாவும் தன் பிள்ளை இல்லாத வேறொரு ஜோடியோடு நடக்க வேண்டும், பந்து விழும் இடத்தைக் கண்ணால் பிடித்துச் சொல்ல வேண்டும், மணலைச் சமப்படுத்த வேண்டும். மட்டை தூக்கியவுடன் அசையாமல் வாய்மூடி நிற்க வேண்டும். கோல்ஃப் மரியாதையின் முதல் பாடமே அதுதான். தண்ணீருக்கு மேலே மிதப்புக் கட்டையைத் தேடிப் பழகிய கண்கள், பந்து விழுந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டினால் தப்பாது. தொலைந்த பந்தைத் தேட விதி கொடுக்கும் மூன்று நிமிடம் அவர்களுக்கு அதிகம். பையனின் அப்பா, எட்டாம் வகுப்புப் பெண்ணின் ஜோடியோடு நடந்தார். ஒரு வாரம் கழித்து என்னிடம், “அந்தப் புள்ள குழிப் பக்கம் எவ்வளவு நிதானமா தட்டுது டீச்சர்” என்றார். அடுத்த பிள்ளை ஆடுவதை நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. வீட்டில் ‘யாரு ஃபர்ஸ்ட்டு’ நின்றதா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. மைதானத்தில் நின்றது.

மே கடைசியில் ஒரு சிறு போட்டி வைத்தோம். எட்டாம் வகுப்புப் பெண் மறுபடியும் அதே பையனுக்குக் கணக்கப்பிள்ளை, குலுக்கலில் வந்தது. ஐந்தாவது குழியில் பந்துக்குப் பக்கத்தில் கிடந்த சுள்ளியை அவன் எடுக்கும்போது பந்து ஒரு விரற்கடை உருண்டது. மணல் தளத்துக்கு வெளியே அப்படி நடந்தால் ஓர் அடி தண்டனை, பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். அவன் வைத்துவிட்டு அடிக்கப் போனான். அவள் சோழியை மாற்றி, “மூணு” என்றாள். “ரெண்டுதான்” என்றான். “பந்து உருண்டுச்சு. மூணு” என்றாள். தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அவன் அண்ணனைப் பார்த்தான், அண்ணன் கடலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அடித்தான். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான் என்று எழுத ஆசைதான், ஆனால் அன்று முழுக்க அவளோடு அவன் பேசவில்லை. அட்டையில் மட்டும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டான்.

விளைவு

கண்ணாடிக்காரன் இன்னும் வருகிறான். இப்போது காற்றில் போகும் வீச்சு குறைவு, புதுப் பிள்ளைகளுக்குச் சோழிக் கணக்கு சொல்லிக்கொடுப்பது அவன்தான்.

அந்தப் பெண் வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்கிறாள் என்று பள்ளி ஆசிரியை சொன்னார். இதற்குக் கோல்ஃப்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை, அந்த வயதில் பிள்ளைகள் மூன்று மாதத்தில் வேறு ஆளாவது உண்டு. என் கண்முன் நடந்ததை மட்டும் சொல்லலாம். மைதானத்தில் அவள் குரல் கேட்கிறது, தன் முறையை இப்போது கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதில்லை. ஒரு பாட்டி இதைக் குறையாகவே சொன்னார்.

பையன் விஷயம் பாதிதான். தடைக்காலம் முடிந்து படகுகள் போனதும் அவன் வருகை குறைந்தது, இப்போது சனி, ஞாயிறு மட்டும் வருகிறான். தனக்குத் தானே அடி போட்டுக்கொண்டதை நாங்கள் ஓரிரு தடவை பார்த்தோம். சண்டை போட்டதையும் பார்த்தோம்.

18 பேரில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் பெரிய பெண்பிள்ளைகள், பொழுது சாய்ந்த பிறகு வெளியே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆட்டத்தை ஐந்தேமுக்காலுக்கே முடித்து, பெண்பிள்ளைகளைக் கூட்டமாக வீட்டில் விடும் ஏற்பாடு அதன் பிறகுதான் வந்தது. ஆனியில் கச்சான் காற்று பிடித்ததும் மணல் முகத்தில் அறைந்தது, பிளாஸ்டிக் பந்து அடித்தவன் பக்கமே திரும்பி வந்தது. ஆடியோடு அந்தச் சுற்றை நிறுத்தினோம்.

அடுத்த சுற்றில் மாற்றுவது

மட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் கணக்கப்பிள்ளை வேலையைக் கற்றுக்கொடுப்போம். முதல் வாரம் முழுக்க அண்ணன் ஆடுவார், பிள்ளைகள் சோழி வைத்து எண்ணுவார்கள். மாமா தவறினால் சத்தமாகச் சொல்வதும் பயிற்சியில் உண்டு. பெரியவரைத் திருத்திப் பழகிய பிள்ளைக்குச் சக பிள்ளையைத் திருத்துவது எளிது.

உச்சவரம்பு எட்டு முதல் நாளிலிருந்தே இருக்கும். தனி ஸ்கோரை எல்லோர் முன்னாலும் வாசிக்கும் வழக்கம் இருக்காது. ஒரே பந்து ஆட்டத்தை இரண்டாம் மாதத்திலேயே தொடங்குவோம், ஆனால் வலுவானவனையும் மிகச் சின்னவனையும் ஜோடி சேர்த்தால் கூடவே ஒரு பெரியவர் நடக்க வேண்டும் என்பது கட்டாயம். எங்களுக்கு அது நல்லபடியாக முடிந்ததில் அண்ணன் பக்கத்தில் இருந்ததற்குப் பெரிய பங்குண்டு. ஆள் இல்லாத இடத்தில் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

அன்புக்குப் பரிசு கிடையாது. சுவரில் ஒட்டிய ஒன்பது பண்புகளைக் கிழிக்கவில்லை, புதிதாக ஒட்டப்போவதும் இல்லை. அம்மாக்களையும் மைதானத்துக்கு வரவழைக்க வேண்டும். பாசிக்குப் போய் வந்த களைப்பில் மாலையில் அவர்களால் முடியாது என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் ஆட்டம் வைத்துப் பார்க்கலாம் என்று யோசனை.

இரண்டு பிள்ளைகள் இடது கைக்காரர்கள், அவர்களுக்கு ஏற்ற மட்டை இல்லாமல் ஆறு மாதமும் தலைகீழாகப் பிடித்து ஆடினார்கள். இடது கை மட்டை ஒன்றிரண்டுக்காக அண்ணன் துபாயில் இருக்கும் பழைய கூட்டாளிகளிடம் சொல்லி வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் தரிசில் தண்ணீர் நிற்கும்போது உருட்டும் பயிற்சியை மட்டுமாவது தொடர, புயல் பாதுகாப்பு மையத்தின் வராந்தாவைக் கேட்டிருக்கிறோம்.